பாயில் புரட்டக் கூடாத மீன்

எங்கள் ஏரியில் பிடித்த மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பிடிப்போம், பார்ப்போம், ஒரு படம் எடுப்போம், திரும்ப விட்டுவிடுவோம். என் தங்கை டோரீனுக்கு இது புரிந்ததே இல்லை. "தின்னவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க. மழையில குந்திக்கிட்டு என்னத்தடி கண்டே பெவ்?" என்பாள். நான் கண்டது மால்கமை. அறுபது வயதில் இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது?

மால்கம் ஏரிக்கரையில் எனக்குப் பக்கத்து இடத்தில் தூண்டில் போடுகிறவன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். எனக்கும் வீட்டில் யாரும் இல்லை. இருந்தவன் நல்லவேளையாகப் போய்ச் சேர்ந்தான், சாகவில்லை, வேறொருத்தியிடம். வார இறுதி வந்தால் இரண்டு பேரும் நாணல் புதருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்போம். நான் பேக்கன் இறைச்சி வறுப்பேன், அவன் தேநீர் போடுவான். தேநீர் கண்றாவியாக இருக்கும். குடித்துவிடுவேன்.

அவனுக்கு ஒரே ஒரு மீன் வேண்டும். பொத்தானம்மா. வயதான கண்ணாடிக் கெண்டை. அந்த இனத்துக்கு உடம்பு முழுக்கச் செதில் இருக்காது, அங்கங்கே பெரிது பெரிதாகத்தான் இருக்கும். இவளுக்கு இடது பக்கத்தில் கோட்டுப் பொத்தான் வைத்துத் தைத்தது போல வரிசையாகச் செதில்கள். வலது பக்கம் வெறும் மொழுக்கை. அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தால் இன்ன மீன் என்று சொல்ல முடியாது. ஏரியில் எல்லோரிடமும் ஒருமுறையாவது மாட்டியிருக்கிறாள், மால்கமைத் தவிர.

ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் ஜில்லியன் அவனுக்கு அறை ஒதுக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டபடியே இருந்தாள். "பொத்தானம்மா மாட்டட்டும், மறு வாரமே அங்கேயே குடிவந்துடறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இது ஏரிக்கே தெரியும். ஒவ்வொரு முறை மீன் இழுத்து அவன் தூண்டில் மணி அடிக்கும்போதும் கை வலையைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு ஓடுவேன். ஓடும்போதே, அவளாக இருக்கக் கூடாது, அவளாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். வெட்கக்கேடுதான்.

இந்த வசந்தத்தில் ஏரிக் காவலர் கீத் எல்லோருடைய மீன் பாயையும் சோதித்தார். தூண்டில் முள்ளைக் கழற்றும்போது மீனைக் கிடத்துவதற்கான பாய் அது. மால்கமின் பாயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"என்ன பெரியவரே இது, கால் துடைக்கிறதா?"

"நல்லாத்தானே இருக்கு."

"இதுல முட்டி போட்டுப் பாருங்க. கீழே இருக்கிற கல்லு குத்தும். உங்களுக்குக் குத்தினா மீனுக்கு? சுத்திலும் சுவர் வெச்ச பாய் வாங்குங்க. இல்லேன்னா தூண்டில் போட விட மாட்டேன்."

மால்கம் என்னிடம் வந்து முணுமுணுத்தான். "ஒரே ஒரு மீனுக்காக உக்காந்திருக்கேன். அதுக்கு எதுக்கு புதுப் பாய்?"

ஒரே ஒரு மீனுக்காக. அதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம். "காருல ஏறு" என்றேன்.

கடையில் அவன் நேராகப் போனது மலிவான பாயிடம். உள்ளே மணி மணியாக அடைத்த தட்டைப் பாய். நான் அதன் நடுவில் முட்டியை வைத்து அழுத்தினேன், அடைத்தது எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி முட்டி தரையைத் தொட்டது.

"பாத்தியா? கனமான மீன் வந்தா இதான் நடக்கும். சுவரும் இல்ல, துள்ளினா நேரா மண்ணுல."

"அப்ப இது?"

"கறுப்பு. வெயில்ல தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். நீ தண்ணி ஊத்தி மாளாது. அதோ அந்தப் பச்சையைப் பாரு. சுவர் இருக்கு, மூடித் துணி இருக்கு, நீளமும் இருக்கு. வால் வெளிய தொங்காது."

மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? கடை என்றும் பார்க்காமல் அந்தப் பச்சைப் பாயில் ஏறிப் படுத்து, மூடித் துணியை இடுப்புவரை இழுத்துக்கொண்டான். "சுகமா இருக்கு பெவ். என்னைப் பாயும் படுக்கையுமா ஆக்கிட்டே." கடைக்காரப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வண்டி ஓட்டும்போது, பக்கத்தில் இவன் இல்லாமல் இதே சாலையில் போகவேண்டி வருமே என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்றான். தூசி என்றேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமைக் காலை. நான் வாணலியை அடுப்பில் வைக்கிறேன், அவன் தூண்டில் மணி நிற்காமல் அலறியது.

வலையோடு ஓடினேன். கோல் வில்லாக வளைந்திருந்தது. மீன் அல்லித் தண்டுகளுக்குள் புகப் பார்த்தது, அவன் விடவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையை அமிழ்த்திப் பிடித்தேன். கனமாக ஒன்று வலை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது, பெருமூச்சு விட்டது போல ஒருமுறை உருண்டது. இடது பக்கம் மேலே வந்தது.

பொத்தான்கள்.

தண்ணீர் கலங்கியது. அவள் திரும்பிவிட்டாள், மொழுக்கைப் பக்கம்தான் தெரிந்தது. மால்கம் எனக்குப் பின்னால் கோலோடு நின்றிருந்தான்.

"வலையைக் கொடு" என்றான். கோலைக் கீழே வைத்துவிட்டு அவனே வலையோடு தூக்கிக் கொண்டுபோனான். எப்போதும் போல நான் முன்னால் ஓடிப் பாய் முழுக்க ஏரித் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்த பாயில் வைத்தால் மீனின் வழுவழுப்பு உரிந்து போய்விடும். அவன் முட்டி போட்டு அவளை மெல்ல இறக்கினான். இடது பக்கம் கீழே.

படுக்க வைத்த மீனைப் பாயில் புரட்டக் கூடாது. எங்கள் ஏரியின் முதல் சட்டம் அது. எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்தது போதும், முள்ளை எடு, மருந்து தடவு, தண்ணீருக்கு விடு.

மால்கம் முள்ளைக் கழற்றினான். மொழுக்கைப் பக்கத்தை ஒருதரம் பார்த்தான். "யாரோ. தெரிஞ்ச மூஞ்சி இல்ல" என்றான்.

நான் அவனுக்கு எதிரில் பாயின் மறுபக்கம் முட்டி போட்டிருந்தேன். என் வாயில் ஒரு சொல். அதை விழுங்கினால் போதும். அடுத்த சனிக்கிழமையும் கண்றாவித் தேநீர். அதற்கு அடுத்ததும். யாருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. மீன் பேசப் போவதில்லை. என் ஆசை முழுக்க அந்தப் பாயில் செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தது, ஒரு பக்கம் மூடிக்கொண்டு.

வாளியைச் சாய்த்து அவள்மேல் தண்ணீர் ஊற்றினேன். பாதி என் மடியில் கொட்டியது.

அவன் எத்தனை பனியில், எத்தனை மழையில் இவளுக்காக உட்கார்ந்திருக்கிறான். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். அவன் இவளைத் தெரியாமலே தண்ணீரில் விட்டுவிட்டு, கைக்கு வந்துபோன மீனுக்காக இன்னும் உட்கார்ந்திருப்பதை நான் பேக்கன் வறுத்துக்கொண்டு பார்ப்பதா? போகிறவன் போகட்டும். அழுதுகொள்ளலாம். அழத் தெரியாதவள் இல்லை நான்.

"மால்கம்."

"ம்."

"இது அவதான். வலைக்குள்ள உருண்டப்ப பார்த்தேன். பொத்தான் எல்லாம் அடியில இருக்கு."

அவன் தலை நிமிரவில்லை. மீனின் வாயோரத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கோலைப் பிடிச்சிருந்தவன் நான். உன் தலைக்கு மேல எட்டிப் பார்க்க மாட்டேனா? நானும்தான் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்யா இந்தப் பக்கமா..."

"நீ பார்த்திருக்க மாட்டேன்னு நினைச்சேன். பார்த்தா என்னை ஜில்லியன்கிட்ட அனுப்பிடுவே. நேர்மைக்காரி."

அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"படம் எடுக்கணுமே" என்றேன்.

"வேண்டாம். படம் இருந்தா ஜில்லியன் கேப்பா." பாயின் மூடித் துணியை அவள்மேல் போட்டான். "அவகிட்ட இன்னும் மாட்டலைன்னுதான் சொல்லப் போறேன். நீயும் அப்படியே சொல்லணும். கீத் கேட்டாலும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஏன், உனக்கு அவசரமா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பாயின் பிடியில் இருந்தது.

"அழுகையை அப்புறம் வெச்சுக்க பெவ்" என்றான் மால்கம். "அவ மூச்சுக்குத் தவிக்கிறா. அந்த முனையைத் தூக்கு."

தூக்கினேன். இரண்டு பேரும் பாயோடு அவளைச் சுமந்துகொண்டு தண்ணீரில் இறங்கினோம்.