ஒரு வீட்டுக்கு ஒரு ரெய்சல்

என் தம்பி லெமல் மோதிரம் போட்டு முடித்த பிறகுதான் திருமண ஒப்பந்தத்தை உரக்க வாசித்தார்கள். அப்போதுதான் மணப்பெண்ணின் உண்மையான பெயர் எங்கள் காதில் விழுந்தது. ரெய்சல். பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற என் அம்மாவின் பெயரும் ரெய்சல்தான். 

மாமியார் பெயர் கொண்ட பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எங்கள் யூத சனத்தில் இது தெரியாதவர் கிடையாது. உயிரெடுக்க வரும் தூதன் பெயரைச் சொல்லித்தான் ஆளைத் தேடுவான், முகம் பார்க்க மாட்டான். பெண் வீட்டில் எல்லோரும் அவளைச் ‘சின்னவள்’ என்றே கூப்பிட்டார்கள். தரகர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. நாங்களோ அவள் வீட்டு வாத்துக்கறியின் ருசியில் பெயரைக் கேட்கவே மறந்தோம். எங்களைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் தம்பதிக்கு எங்கள் குருவான ரெப்பேயின் ஆசிக் கடிதம் வந்தது. லெமல் நின்றுகொண்டே படித்தான். “உங்கள் வீடு தலைமுறைகளுக்கு நிற்கட்டும். மேசையில் ரொட்டியும் வாசலில் விருந்தாளியும் குறையாதிருக்கட்டும். கோபத்தோடு படுக்கப் போகாதீர்கள். அந்த வீட்டில் ஒரு ரெய்சல்தான் இருக்க வேண்டும். மூத்தவளின் பெயரைத் தொடாதீர்கள். இளையவள் இனி மல்கா என்று அழைக்கப்படட்டும்.”

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

“மாமி, அது எங்கப்பாவோட அக்கா பேரு. கல்யாணமாகாமலே செத்துப்போனாங்க. அவங்களுக்குன்னு மிச்சமிருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்.”

“அத ரெப்பேகிட்டப் போய்ச் சொல்லு. எனக்குச் சாக ஆசையில்லடி,” என்றாள் அம்மா.

உண்மைதான். லேசாகத் தும்மினாலே மூன்று போர்வை கேட்கும் மனுஷி அவள். அன்றிலிருந்து யாராவது வாய் தவறிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மல்கா என்று கூப்பிட்டால் மருமகள் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவாள். அந்தத் தாமதத்தில் இருந்த வெறுப்பு எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது.

மல்காவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது லெமல் முற்றத்திலிருந்து, “ரெய்சல், இங்க வாயேன்,” என்று ஆசையாகக் கூப்பிட்டுத் தொலைத்தான். இரண்டு பெண்களும் திரும்பினார்கள். அம்மா கையிலிருந்த பீட்ரூட் சூப் தரையெல்லாம் கொட்டியது.

“யாரக் கூப்பிட்டன்னு அந்தத் தூதனுக்கு எப்படிடா தெரியும், முட்டாள்?” என்றாள் அம்மா.

அந்த வாரமே மல்காவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. அம்மாவின் பார்வை அந்தக் கால்களை விட்டு நகரவேயில்லை.

பிரசவ வலி எடுத்து இரண்டாம் நாள் மதியம் மருத்துவச்சி வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கை கழுவினாள்.

“ஜெப வீட்டுல சொல்லி அவளுக்கு ஒரு பேரு சேருங்க. வேற எனக்குத் தெரியல.”

“ஏற்கெனவே மாத்தியாச்சு,” என்றாள் அம்மா. “இன்னும் எத்தன தரம் மாத்துவீங்க? அவன் பழைய பேரக் கேட்டுட்டுல்ல வந்திருக்கான்.”

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். மேசை இழுப்பறையிலிருந்து ரெப்பேயின் கடிதத்தை எடுத்தாள். வாசல் கதவை விரியத் திறந்து, பனி விழுந்துகொண்டிருந்த வெறும் தெருவுக்கு முன்னால் அதை நீட்டினாள்.

“யாரத் தேடற? இதோ, ரெப்பே கையெழுத்து. இந்த வீட்ல ஒரே ரெய்சல்தான். அது நான்தான்.”

தெருமுனையில் திரும்பி வந்த தண்ணீர்க்காரன் வாளிகளோடு நின்று பார்த்தான்.

“அம்மா, கதவச் சாத்தும்மா. பனி உள்ள வருது,” என்றேன்.

“சும்மா இருடி ஹிண்டா. பேசிக்கிட்டிருக்கேன்ல.”

என் அம்மாவை அதற்கு முன் நான் நேசித்தேனா என்று தெரியாது. அந்த வாசலில் நேசித்தேன். அவளைப் பிடித்து உள்ளே இழுக்கத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. மல்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அம்மா எதிர்க் கட்டிலில் பூட்ஸோடு படுத்துக்கொண்டாள். போர்வை கேட்கவில்லை.

லெமலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “நாளைக்கு வியாழக்கிழம, ஜெப வீட்டுல தோரா வேதம் வாசிப்பாங்க. போய்ப் புள்ளைக்குப் பேரு வச்சிட்டு வந்துடறேன்.”

“நாளைக்கு வேணாம். சனிக்கிழம வாசிப்பு வரைக்கும் பொறுடா.”

“ஏம்மா?”

“உயிரோட இருக்கறவங்க பேர நம்ம சனம் வைக்குமா? அதுக்குள்ள என் பேரு காலியாயிடும்.” அம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். “உங்கப்பா அக்கா பேரு உன் பொண்ணுக்கே வந்துடும். நீ மல்காவாவே இருந்துக்கோ.”

மல்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கப் போனேன். வேண்டாம் என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள்.