கவிழ்த்த சிரட்டைகள்

தெஹியோவிட்ட ஊருக்கு மேலே, மலைத் தோட்டத்தில், பால் வற்றிய றப்பர் மரங்களில் கலைச்செல்வி கத்தரி நாற்று வளர்த்தாள். பால் சேர்க்கும் தேங்காய்ச் சிரட்டைகள் இன்னும் மரங்களில் கம்பியோடு தொங்கின. அவற்றில் மண் நிரப்பினாள். தரையில் வைத்தால் பன்றி கிளறிவிடும். மரங்களுக்கிடையே மரவள்ளி நின்றது.

அந்தத் துண்டு நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்போகிறது. கண்ணாடி வீடு கட்டி, மண்ணே இல்லாமல் கீரை வளர்ப்பார்களாம். நிர்வாகத்துக்கு அது தரிசு நிலம்.

நுஸ்கா படம் எடுப்பவள். கடைவீதியில் அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை. கொழும்பில் 'நாளைய உணவு' என்றொரு புகைப்படக் கண்காட்சி. கம்பனிக்காரர்களும் வருவார்கள். நாற்றுச் சிரட்டைகளின் படம் அங்கே பெரிதாகத் தொங்க வேண்டும். படத்தை இன்றே அனுப்பியாக வேண்டும்.

இருவரும் ஏறிப் போனபோது சிரட்டைகளெல்லாம் கவிழ்ந்திருந்தன. நாற்றுகள் மரத்தடியில் கிடந்தன.

விடியலில் தூறியிருந்தது. மழை வந்தால், தண்ணீர் சேராதிருக்க, பால் வெட்டுகிறவர்கள் சிரட்டையைக் கவிழ்த்துவிடுவார்கள். கலைச்செல்வியின் கணவன் நிரோஷன் பால் வெட்டுகிறவன். வேலைக்குப் போகிற வழியில், இருட்டோடு, இவற்றையும் கவிழ்த்துவிட்டான். இப்போது மரத்தோரம் நின்றான்.

"கை தானா போயிருச்சு."

"நல்ல வேள, தொட்டில்ல புள்ள இல்ல. அதையும் கவுத்திருப்பீங்க," என்றாள் கலைச்செல்வி.

நுஸ்கா கமராவை மூடினாள். "இனி என்ன செய்ய, அக்கா? ஒங்கட கையையும் மண்ணையும் மட்டும் எடுப்பம். அழகா வரும். முகம் வந்தா தோட்டத்தால ஒங்களுக்குத்தான் கரச்சல்."

"கைய மட்டும் பாத்தா எந்த ஊரோன்னு போயிருவாங்க. இங்க ஆள் இருக்குன்னு தெரியணும்."

அவள் குனிந்து நாற்றுகளைப் பொறுக்கினாள். சிரட்டைகளை நிமிர்த்தி, வேர் அறாதவற்றை மறுபடி நட்டாள். பல சிரட்டைகள் வெறுமையாகவே நின்றன.

"வெறும் செரட்டையும் தெரியுதே," என்றாள் நுஸ்கா.

"தெரியட்டும்." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? தோட்டத்து தொர பாத்தா வேல போயிரும்."

"கவுக்கத் தெரிஞ்சிச்சில்ல? வந்து நில்லுங்க."

வந்து நின்றான். நுஸ்கா கமராவைத் திறந்தாள். மேலே இலைகளில் மழை விழத் தொடங்கியது. நிரோஷனின் கை சிரட்டையை நோக்கி உயர்ந்தது.

"கைய எடுங்க," என்றாள் கலைச்செல்வி, கமராவைப் பார்த்தபடியே.