நம்பும்படியான ஓர் அப்பா

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள்: முதலாண்டு எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேரும் புது மாணவர்களுக்கு ஒரு பக்கம் அறிவுரை வேண்டும். ஒரு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு வாய் நீளும் அளவுக்குக் கை நீளவில்லை என்று. முதல் முயற்சி இது:

"அன்பு மாணவர்களே, எழுத்து என்பது ஒரு..."

ஒரு என்ன? விளக்கா, ஆயுதமா, பயணமா? எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்தது:

"தினமும் எழுதுங்கள். நிறையப் படியுங்கள். கடைசி நாள் வரை..."

இதைச் சொல்ல நான் எதற்கு? உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். ஆகவே ஒரு மாணவியை உண்டாக்கி வகுப்பில் உட்கார வைத்துவிட்டேன். இனி அவள் பாடு.

2

வகுப்பில் அவளுக்கு "முன்னுரை" என்று பட்டப்பெயர். நாய்க்குட்டியைப் பற்றி எழுதச் சொன்னாலும் உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆரம்பிப்பாள். (முதல் பத்தியை எழுதி முடித்ததும் வெட்டிவிடுங்கள், பெரும்பாலும் இரண்டாவது பத்தியில்தான் விஷயம் இருக்கும். நான் மேலே வெட்டாமல் விட்டிருக்கிறேனே என்றால், எனக்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.)

ஆசிரியை ஒருநாள் அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "உலகத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம். இப்ப உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரைப் பத்தி எழுதிட்டு வா."

அவள் அப்பாவைப் பற்றி எழுதினாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்ததும் கருவிப் பையைத் திறக்கமாட்டார். மூடிய கதவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களோடு பேச ஆரம்பிப்பார். பேர் என்ன, சாப்பிட்டாச்சா, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பார். உள்ளே மூச்சு சீரான பிறகுதான் எழுந்து வேலையைத் தொடங்குவார்.*

* இங்கே லிஃப்ட் எப்படி இயங்குகிறது என்று ஒரு பெரிய பத்தி இருந்தது. எங்கெங்கோ தேடிப் படித்து எழுதியது. அவர் படித்தால் சிரிப்பார் என்று எடுத்துவிட்டேன்.

3

அந்த வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லவும் கூடாது, சண்டை போடவும் கூடாது. உங்களுக்கும் இந்த விதி வரும். நாக்கு அரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேசியவன் "சந்தேகம்". அவன் பட்டப்பெயருக்கு நான் பொறுப்பில்லை, அவனே சம்பாதித்தது.

"நடை நல்லா இருக்கு. ஆனா இந்த அப்பா நம்புற மாதிரி இல்ல. எந்த மெக்கானிக் உக்காந்து கதை பேசுவான்? ஒரு குறைகூட இல்லாத ஆளு உலகத்துல உண்டா?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆசிரியையும், "கொஞ்சம் நிழல் இருந்தா எடுப்பா இருக்கும்" என்றார். அவள் இரண்டையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

(சந்தேகத்தைத் திட்டாதீர்கள். இரண்டாவது பகுதியை எழுதும்போது எனக்கும் இதே கேள்விதான். இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது?)

4

அந்த வாரம் முழுக்க அவள் அப்பாவிடம் ஒரு குறையைத் தேடினாள். குறட்டை விடுவார். சட்டைப் பையில் திருகாணியை மறந்து வைத்துத் துவைக்கப் போடுவார். இதெல்லாம் நிழலாகுமா? கடைசியில் அவளே ஒன்றை உண்டாக்கினாள்.

பள்ளிக்கூடம் விட்டு இவள் வாசலில் நிற்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் போயாயிற்று. இருட்டுகிறது. காவலாளி கேட்டைப் பூட்டுகிறார். அப்பா வரவில்லை, சிநேகிதர்களோடு சீட்டாடிக்கொண்டிருக்கிறார்.

அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. சீட்டுக்கட்டை அவர் கையில் பிடித்தே யாரும் பார்த்ததில்லை. ஆனால் பத்தி அபாரமாக வந்துவிட்டது. வகுப்பில் அதைப் படித்தாள். "இப்பதான் மனுஷனா இருக்காரு" என்றான் சந்தேகம். புது மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் சிறு புத்தகத்தில் போட ஆசிரியை அதையே தேர்ந்தெடுத்தார். பெற்றோர்களை அழைத்து மேடையில் படிக்க வைக்கவும் ஏற்பாடு ஆனது.

5

அம்மா இல்லாத வீடு. அப்பாவோடு சேர்ந்து அவளை வளர்த்தது அவருடைய அக்காவான அத்தை. இருவரும் நல்ல உடுப்பில் வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் மேடையேறி...

(இங்கே நான் பலநாள் நின்றுவிட்டேன். அந்தப் பத்தியைத் தாண்டிப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன், மயக்கம் போட்டு விழவும் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.)

...முழுவதையும் படித்தாள். சீட்டாட்டம் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் சந்தேகம் நேராக அவள் அப்பாவிடம் வந்தான். "சார், தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே பிள்ளைய நிக்க வெச்சிட்டு ஆடப் போயிட்டீங்களா?"

அவள் பக்கத்தில்தான் நின்றாள். அத்தையும் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா தம்பி," என்றார் அப்பா. "போயிட்டேன்."

"என்ன ஆட்டம் சார்? ரம்மியா?"

அவர் ஒரு நொடி முழித்தார். "அதுதான்."

அவரை உண்டாக்கியது நான். இருந்தும் அவர் இப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இப்படி ஒரு மனிதரோடு எனக்கு இன்னும் பழக்கம் போதாது.

6

பேருந்தில் அத்தை தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். "இருட்டுல நின்னிருக்கு குழந்தை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல இவன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மகள் அப்பா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "ஏம்ப்பா ஆமான்னு சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்ல?"

"பொய்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மேல நின்னு சொன்னத நான் கீழ நின்னு இல்லைன்னு சொன்னா, அப்புறம் நீ எத எழுதினாலும் யாரும்மா நம்புவாங்க?"

அவள் அழுதாள். எழுதும் எனக்கும் கண் கலங்கியது.

7

நாளைக் காலை ஆசிரியையிடம் இறுதிப் பிரதியைக் கொடுக்க வேண்டும். அவள் மேசையில் அது விரித்துக் கிடக்கிறது. அடுத்த அறையில் அத்தை இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

முடிவு அ: அந்தப் பத்தியை அடித்துவிடுகிறாள். அப்படியானால் சந்தேகத்திடம் அப்பா சொன்ன "ஆமா" என்ன ஆவது?

முடிவு ஆ: அப்படியே விடுகிறாள். வருஷா வருஷம் வரும் பிள்ளைகள் எல்லாம் அவரைச் சீட்டாடியாகவே அறிவார்கள். அத்தையும்தான்.

முடிவு இ: பொய் என்று ஒப்புக்கொண்டு, இன்று நடந்ததையும் சேர்த்து எழுதுகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் எழுதிப் பார்த்தால் அப்பா முன்னைவிடப் பத்து மடங்கு நல்லவராகிவிடுகிறார். சந்தேகம் கையைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. தவிர, அவர் காப்பாற்றிக் கொடுத்த தன் மானத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது போலவும் ஆகிவிடுகிறது.

முடிவு ஈ: அவள்...

வேண்டாம். என்னால் ஆகவில்லை. புது மாணவர்களே, உங்கள் முதல் பயிற்சியாக இதை வைத்துக்கொள்ளுங்கள். ஈ-யை நீங்கள் எழுதிக்கொண்டு வாருங்கள். அவளை என்ன வேண்டுமானாலும் செய்ய வையுங்கள், அவளுக்குத் தெம்பு இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்பும்படியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவள் அப்பாவை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.