பெண்கள் நிற்கும் முனை

மஞ்சுவின் முகத்தை டி-ஷர்ட்டின் முதுகில் அச்சடித்திருந்தார்கள். முன்பக்கம் 'டிஸ்லெக்சியா விழிப்புணர்வு நடை' என்று இருந்தது. எலிசபெத் மேடம் எனக்கு ஒன்று தந்தார். என் மகள் சுபஸ்ரீக்குச் சின்ன அளவில் ஒன்று. எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த முகம். பக்கத்தில் இருந்த என்னை வெட்டிவிட்டார்கள். அவள் காதருகே என் தோளில் ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது.

"நல்லா வந்திருக்குல்ல சார்?"

"வந்திருக்கு மேடம்."

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக மேடம் பொன்னேரியில் ஒரு டிரஸ்ட் நடத்துகிறார். சுபஸ்ரீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது "எழுத்தெல்லாம் நடக்குதும்மா" என்றாள். நாங்கள் சிரித்தோம். மஞ்சு மட்டும் பஸ் ஏறிப் போய் மேடத்தைக் கண்டுபிடித்தாள். வீடு வீடாக ஏறி இறங்கி, எங்கள் மீனவக் குப்பத்தில் அதே மாதிரி இருந்த மற்றப் பிள்ளைகளையும் சேர்த்தாள். ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சென்னைக்குக் கொண்டு போனோம். ஆம்புலன்சில் திரும்பி வந்தாள்.

இந்த நடை அவள் நினைவாக. உண்டியலில் சேர்வது எங்கள் பள்ளிக்கு ஒரு தனி ஆசிரியை வைக்க.

ஆனால் சுபஸ்ரீ பள்ளிக்குப் போவதில்லை. காலையில் சீருடை போடுவாள். பை மாட்டுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வருவாள். வலை காயப்போடும் கொட்டகையைத் தாண்டியதும் நின்றுவிடுவாள். இழுத்தால் மண்ணில் உட்கார்ந்துவிடுவாள். காரணம் கேட்டால் வாய் திறக்கமாட்டாள். படிப்புக்குப் பயப்படுகிறாள் என்றார் வகுப்பு டீச்சர். மேடமும் அப்படித்தான் நினைத்தார். இவளைப் போன்றவர்களுக்கென்று சென்னையில் ஹாஸ்டலோடு ஒரு பள்ளி இருந்தது. ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். நடை முடிந்ததும் நான் பதில் சொல்ல வேண்டும்.

சரி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். எனக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவளும் போய்விட்டால் வீட்டில் சத்தமே இருக்காது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதைப் பற்றியும் தோன்றுவதில்லை.

ஞாயிறு காலை. நடைக்காகத் தொழிலுக்குப் போக வேண்டாம் என்று கிராமத்தார் சொல்லியிருந்தார்கள். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. மேடத்துக்கு மகிழ்ச்சி. குப்பத்தில் யாராவது செத்தாலும் படகுகள் இப்படித்தான் கிடக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மேளத்துக்கு வேலுவைப் பிடித்திருந்தார்கள்.

"மச்சான், இன்னா அடி அடிக்கறது?"

"சும்மா அடி."

"சும்மாவா? கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. சும்மா அடின்னு ஒண்ணு எங்க நைனா சொல்லித் தரல. ஹார்பர்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது!"

"இஸ்கூல் அடி அடிடா" என்றாள் பக்கத்து வீட்டுத் தனக்கோடி அக்கா. "அந்தப் பக்கம் தலவெச்சிப் படுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வேலு சாமி அடியில் ஆரம்பித்தான்.

பேனரை இரண்டு கல்லூரிப் பையன்கள் பிடித்தார்கள். அதிலும் மஞ்சு. யாரோ அதற்கு ஒரு மாலை போட்டிருந்தார்கள். நானும் சுபஸ்ரீயும் பேனருக்குப் பின்னால். எங்களுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள்.

பாதித் தெரு போவதற்குள் வேலுவின் கை தானாக மாறியது. அவனுக்கே தெரிந்திருக்காது. மேளம், மாலை போட்ட படம், பின்னால் கூட்டம். அந்தத் தெருவில் அவன் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டு வாசலில் நின்ற ஒருத்தி குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. ஒரு பெரியவர் மடியிலிருந்து சில்லறையை எடுத்தார். உண்டியல் அவர் எதிரிலேயே வந்தது. அவர் காசைப் படத்தின் முன்னால் ரோட்டில் இறைத்தார். ஒரு கல்லூரிப் பையன் ஓடிக் குனிந்து பொறுக்கினான்.

"அய்யய்யோ, தொடாத தம்பி!" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள்.

அவன் சிரித்துக்கொண்டே உண்டியலில் போட்டான்.

பொன்னேரியிலிருந்து வந்த பிள்ளைகள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முதுகிலும் அவள். ஒரு முதுகில் வியர்த்திருந்தாள். ஒன்றில் பை வார் அவள் வாயை மறைத்தது. குனிந்தவன் முதுகில் முகம் நீண்டது. முகத்துக்குக் கீழே அவள் பெயர். துணி மடிய மடிய எழுத்துகள் நகர்ந்தன, ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன, வெளியே வந்தன. நான் பி.எஸ்சி. படித்தவன். என் மனைவியின் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை.

"நைனா, நடக்குது பாத்தியா?" என்றாள் சுபஸ்ரீ.

"ம்."

தெருமுனை வந்தது. என் கையில் இருந்த கை நழுவியது. பின்னால் காலடிச் சத்தமும் நின்றது. திரும்பினேன். பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை.

மேடம் ஓடி வந்தார். "ஏன் நின்னுட்டீங்க? டயர்டா?"

தனக்கோடி அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். "தெரியல மேடம். அதுவா நின்னுச்சி."

மீன் கூடையோடு தினமும் இதே ரோட்டில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். ஆனால் மேளமும் படமும் முன்னால் போக, அந்த முனையை அவர்கள் தாண்டியதில்லை. அங்கிருந்து ஆண்கள் மட்டும்தான் போவோம். அடுத்த வளைவில் சுடுகாடு. அதைத் தாண்டிப் பள்ளி.

சுபஸ்ரீ பெண்களுக்கு நடுவே, அக்காவின் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். தினமும் நிற்கும் அதே இடம்.

"வா" என்றேன்.

"நான் வரக் கூடாது."

"யார் சொன்னது?"

அவள் நிமிர்ந்து தனக்கோடி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் முகம் மாறியது.

"பூவரசா... மஞ்சுவ எடுத்த அன்னிக்கி நான்தான் இவள இங்க புடிச்சி நிறுத்தனேன். பின்னாடியே ஓடுனா. பொம்பளைங்க இதுக்கு மேல போகக் கூடாதுடின்னேன்." குரல் இறங்கியது. "அந்த நேரத்துக்குச் சொன்னது தம்பி."

அந்தச் சொல்லை யாரும் திரும்பப் பெறவில்லை. சுபஸ்ரீயும் மீறவில்லை. நாங்கள் அதைப் படிப்புப் பயம் என்றோம்.

நான் மண்டியிட்டேன். "இனிமே வரலாம். நான் சொல்றேன்."

அவள் அசையவில்லை. என் சட்டையைப் பார்த்தாள். "அங்க கல்லு இருக்குமா நைனா?"

"இன்னா கல்லு?"

"டச்சுக் கல்லறைல இருக்கறா மாதிரி. பேரு எழுதி."

மஞ்சு அவளைப் பழவேற்காட்டில் அந்தக் கல்லறைகளுக்குக் கூட்டிப் போவாள். கல்லில் வெட்டிய எழுத்து நடக்காது என்று சொல்லி விரலால் தடவ வைப்பாள்.

"அம்மா பேரு இருந்தா நான் படிக்கணும். எனக்கு வராது. அம்மா பாத்துனு இருக்கும்."

பல மாதம் கழித்து எனக்கு அழத் தோன்றியது.

"கல்லு இல்ல. ஒண்ணும் எழுதல."

"நிஜமா?"

"வந்து பாரு."

அவள் மறுபடி அக்காவைத்தான் பார்த்தாள். அக்கா புடவையை இழுத்துச் செருகினாள்.

"டேய் வேலு, நிறுத்துடா அத!"

மேளம் நின்றது. ஏரிக்காற்று மட்டும் கேட்டது. தனக்கோடி அக்கா முனையைத் தாண்டிக் கால் வைத்தாள். மற்றப் பெண்கள் அவள் பின்னால் போனார்கள். கடைசியாக சுபஸ்ரீ.

சுடுகாட்டில் ஒரு தகரக் கொட்டகை. கீழே கறுத்த தரை. இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. அவள் வேலியோரம் நின்று நெடுநேரம் தேடினாள்.

"ஆமா, ஒண்ணுமே எழுதல" என்றாள். பெரிய மூச்சாக விட்டாள்.

பிறகு பள்ளியின் பூட்டிய கேட் வரை நடந்து அதைத் தொட்டுவிட்டு வந்தாள்.

மேடத்திடம் ஹாஸ்டல் வேண்டாம் என்றேன். அவசரப்பட வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

மாலையில் இரண்டு டி-ஷர்ட்டுகளையும் துவைத்துக் கொடியில் போட்டேன். காற்றில் மஞ்சு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இருட்டுவதற்குள் எடுத்து உள்ளே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை சுபஸ்ரீ என்னோடு தெருமுனை வரை வந்தாள். வலைக் கொட்டகையைத் தாண்டியதும் என் கையை விட்டாள்.

"நீ இங்கயே நில்லு நைனா. நான் போயிட்டு வரேன்."

பை முதுகில் குதிக்க நடந்தாள். வளைவில் ஒரு முறை சுடுகாட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள். மறைந்தாள்.

நான் நின்றேன். மீன் கூடைகளோடு பெண்கள் என்னைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடினார்கள். போயிட்டு வரேன் என்றுதான் சொன்னாள். அதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, பள்ளி மணி அடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.