ராஜ தர்பாரில் ஒரு வெள்ளிக்கிழமை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. இந்த 1969-இல் காந்தி நூற்றாண்டு மலர் ஒன்று போடுகிறோம், ‘காந்தி ஜெயந்தியும் நானும்’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் அலுவலகத் தனகோட்டி கேட்டார். மற்றவர்கள் நூல் நூற்றதையும் கதர் கட்டியதையும் எழுதினார்கள். எனக்கு நினைவில் நின்ற காந்தி ஜெயந்தி ஒன்றே ஒன்றுதான். அன்று நான் — அன்று செஞ்சியில் சிலர் ஓர் அரண்மனையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றார்கள்.

தனகோட்டி படித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, கறியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். காலித் தட்டுகள் மிஞ்சின. ஆகவே மலருக்கு வேறு எழுதிக் கொடுத்தேன் (கதர், இரண்டு பக்கம், அத்தனையும் பொய்). கறியை இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

2.

முதல் வரியை மூன்று விதமாக எழுதினேன்.

“செஞ்சிக் கோட்டையின் மேல் அந்திச் சூரியன் —” வேண்டாம். சாப்பாடு பகல் பதினொன்றரைக்கு.

“மன்னர்கள் நடந்த இந்த மண்ணில் —” இதை மலருக்குக் கொடுத்துவிட்டேன்.

“செஞ்சிக் கோட்டையில் நெற்களஞ்சியம் இருக்கிறது, குதிரை லாயம் இருக்கிறது, யானை குளிக்கக் குளம் இருக்கிறது, ராஜா சாப்பிட்ட இடம் மட்டும் இல்லை.” இது இருக்கட்டும். வீராசாமிக்கும் இதுதான் தொடக்கம்.

வீராசாமிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, இருந்தது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் மலை இறங்கி வந்து, ராஜா எங்கே சாப்பிட்டார் என்று கேட்பார்கள். நான்கு வருஷம் பதில் இல்லாமல் நின்ற வீராசாமி, ஐந்தாம் வருஷம் மண்டிக்கு மாடி எடுத்து ‘செஞ்சி ராஜ தர்பார் போஜன மாளிகை’ என்று பலகை மாட்டினார். கீழே சாதாரண சாப்பாடு, மாடியில் அரண்மனை. கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியிடமிருந்து பதினோரு சிம்மாசனங்களும், தூண்களும் சாளரங்களும் வரைந்த ஒரு தர்பார் படுதாவும் வந்து சேர்ந்தன.* படுதாவுக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடம். சிம்மாசனங்கள் மேடைக்குச் செய்த உயரம், மேஜைகள் சாதாரண உயரம். அதனால் அங்கே ராஜாவாக உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் முழங்காலுக்குக் கீழே குனிந்துதான் சாப்பிட வேண்டும்.

(* அவற்றில் ஒன்றின் கைப்பிடிகளில் எருமைத் தலைகள் இருந்தன. எமன் வேஷக்காரருடையது. விருந்தாளிகளில் மூத்தவருக்கு அதைத்தான் போடுவார்கள், மெத்தை கெட்டியாக இருந்ததால்.)

3.

இப்போது பாக்கியசாமி வர வேண்டும். அனந்தபுரத்துக்காரர், மல்லாட்டை போடுகிறவர். கோயிலில் ஜெபமாலை சொல்ல வைப்பவர், தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நாட்களை எல்லோருக்கும் நினைவூட்டுகிறவர். அவருடைய மகள் அமலோற்பவத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எட்டு இடத்திலிருந்து வந்து பார்த்து, சேமியா பாயசம் சாப்பிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கடுதாசியும் வரவில்லை. பாக்கியசாமி நிறைய யோசித்து, குற்றம் பெண்ணிடமும் இல்லை, தன்னிடமும் இல்லை, பாயசத்தில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

ஒன்பதாவது இடம் திண்டிவனம். மாப்பிள்ளை காஸ்பர், குமாஸ்தா. தாய் சவரியம்மாளுக்கு முழங்கால் வலி, அனந்தபுரம் வரை பஸ்ஸில் குலுங்க முடியாது. செஞ்சியில் சந்திக்கலாம் என்று பாக்கியசாமி சொல்லி அனுப்பினார். இந்த இடமும் தட்டிப்போனால் பெண்ணைப் புதுச்சேரிக் கன்னியர் மடத்தில் விட்டுவிடுவது என்று வீட்டில் பேச்சு ஆகியிருந்தது. அமலோற்பவத்துக்கு மடம் பிடிக்காது. பிடிக்காது என்று அவள் சொன்னதற்குத்தான், வாய் நீளம் என்று ஊரில் பெயர்.

நாள் பார்த்தார்கள். காஸ்பருக்கு லீவு வேண்டும். காந்தி ஜெயந்திக்கு லீவு உண்டு. வீராசாமியைக் கேட்டால், அன்றைக்கு மாடி முழுக்கக் காலி, அரண்மனையே உங்களுக்குத்தான் என்றார். ஏன் காலி என்று பாக்கியசாமி கேட்கவில்லை.

1964 அக்டோபர் இரண்டு வெள்ளிக்கிழமை. செஞ்சிக் கடைவீதியில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார்கள். அதனால்தான் காலி. பாக்கியசாமியும் தொடக்கூடாதவர்தான். ஆனால் அந்த நாளுக்கு இரண்டு வீட்டிலும் பத்து நாளாகக் காந்தி ஜெயந்தி என்றே பெயர் ஆகிவிட்டிருந்தது. தலைப்பைப் படித்த உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தலைப்பு இல்லை.

(கத்தோலிக்கர் அல்லாத வாசகருக்கு: அந்தக் காலத்தில் எங்களுக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். கறி கூடாது. மறதியில் தின்றால் பாவமில்லை. தெரிந்து தின்றால் சாவான பாவம். ஐந்து வருஷத்துக்குள் அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். அது இந்தக் கதைக்கு உதவாது.)

4.

பதினொன்றரைக்கு உட்கார்ந்தார்கள். சவரியம்மாள் எருமைத் தலைகளில் கை வைத்துக்கொண்டார். அமலோற்பவம் தன் சித்தியோடு படுதாவுக்குப் பின்னால். சாப்பாடு முடிந்ததும் பெண்ணை வெளியே அழைப்பது என்று பேச்சு. படுதாவில் வரைந்த சாளரத்தில் நிஜமாகவே ஒரு கிழிசல் இருந்தது.

முதலில் வெள்ளி முலாம் டம்ளரில் பன்னீர் மணக்கும் பால். பிறகு சர்வர் செல்லப்பன், நாற்பது வயதுக்காரர், மந்திரி தலைப்பாகையோடு மூடிய தட்டுகளைக் கொண்டுவந்தார். மூடியைத் திறக்குமுன் கை தட்ட வேண்டும் என்பது வீராசாமியின் ஏற்பாடு. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் செல்லப்பன் காலைத் தட்டினார்.

சீரகச் சம்பா பிரியாணி, மிளகு போட்ட சுக்கா, ஈரல் வறுவல், நல்லியெலும்புக் குழம்பு. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

[மேலே ‘எனக்கு’ என்று விழுந்துவிட்டது. கவனித்திருப்பீர்கள்.]

பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. மூவேளை மணி கேட்டால் எங்கே இருந்தாலும் எழுந்து ஜெபம் சொல்ல வேண்டும். சிம்மாசனங்களிலிருந்து இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வீராசாமி தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து அவரும் கைகூப்பினார். சவரியம்மாள் சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். ஜெபம் முடிந்தது. முடிந்த இடத்தில் நிற்காமல் சவரியம்மாளின் வாய் தானாக ஐந்து திருக்காய ஜெபத்துக்குப் போனது. அதை அவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் சேர்த்துச் சொல்வார்.

இரண்டு வரி சொன்னவர் நிறுத்தினார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாக்கியசாமி சொன்னால், கூப்பிட்டு வைத்துப் பாவம் செய்யவைத்ததாக ஆகும். சவரியம்மாள் சொன்னால், சாப்பாடு போட்டவரை அவமானப்படுத்தியதாக ஆகும். பாக்கியசாமி ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார். மரியாதைக்காகச் சவரியம்மாளும் ஒரு சின்னத் துண்டை எடுத்தார். அதுவரை தின்றது மறதி. இனித் தின்பதற்கு வேறு பெயர். காஸ்பர் நல்லியெலும்பை எடுத்தான். ஆறினால் உள்ளே இருப்பது வராது.

அப்போது படுதா விலகியது. யாரும் கூப்பிடாமல் அமலோற்பவம் வந்து தகப்பன் பக்கத்தில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“நைனா, இன்னிக்கு வெள்ளிக்கிழம. போதும், எல்லாரும் நிறுத்திக்குங்க. கீழ ரசம் இருக்குதான்னு கேட்டுட்டேன். இருக்குதாம்.”

பிறகு காஸ்பரைப் பார்த்தாள்.

“உங்களுக்கும் தெரியும்தானே?”

5.

காஸ்பரைப் பற்றி எனக்குப் புகார் இருக்கிறது. இந்தப் பாத்திரம் கதையில் ஒன்றும் செய்வதில்லை. சாப்பிடுகிறான். எலும்பைக் கடிக்கிறான். ஒரு பெண் எல்லோருக்காகவும் வாய் திறந்துவிட்டு, எனக்குத் துணையாக ஒரு சொல் சொல் என்று கேட்கிறாள். அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அது அந்த நிமிஷமே அவனுக்குத் தெரியும். அப்படியும் எத்தனை முறை எழுதினாலும் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். வேறு ஆளை வைத்து எழுதலாம் என்று பார்த்தேன். வேறு ஆள் எனக்குத் தெரியாது.

நான்தான் காஸ்பர். இதற்கு மேல் மறைத்தால் தனகோட்டிக்குக் கொடுத்த கட்டுரை மாதிரி ஆகிவிடும்.

6.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவில் காஸ்பர் எழுந்து நின்று, பெண் சொன்னது சரி என்று அரைப் பக்கம் பேசுகிறான். சட்டைகூட வேறு கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.

இரண்டாம் முடிவில் சவரியம்மாள் பெண்ணை அணைத்துக்கொள்கிறார். அம்மா யாரையும் அணைத்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது நடந்தது. அம்மா மெல்ல இறங்கிப் போய்க் கை கழுவினார். திரும்பி வந்து ரசம் சோறு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். பெண்ணை முறைப்படி யாரும் கூப்பிடவில்லை, அவள்தான் வந்துவிட்டாளே. பாக்கியசாமி எங்களை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்துவிட்டார். கடுதாசி போடுகிறோம் என்று நான்தான் சொன்னேன். பஸ்ஸில் அம்மா சொன்னார்:

“நல்ல பொண்ணுதான். ஆனா இன்னிக்கு அவங்க நைனாவ நிறுத்துச்சி, நாளைக்கு என்னயும் நிறுத்தும்.”

நான் தலையாட்டினேன். பஸ் குலுங்கியதில் ஆடியது என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

கடுதாசி போடவில்லை.

7.

ராஜ தர்பார் பதினான்கு மாதம் ஓடியது. இப்போது மாடியில் உர மூட்டைகள். சிம்மாசனங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை, தெரிந்தால் ஒன்றை வைத்து முடித்திருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை இதை முழுவதும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரைப் பற்றிய இடங்களையும் விடவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு, “அந்த ரசத்துல உப்பு கம்மி. பொண்ணு சொன்னது சரிதான்,” என்றார். கொஞ்சம் கழித்து, அனந்தபுரத்துக்குத் தபால் எத்தனை நாளில் போகும் என்று கேட்டார்.

இதுவரை பொதுவாக ‘வாசகர்’ என்று எழுதியது ஒரு வழக்கத்துக்காக. மலர் இதைப் போடாது, பத்திரிகைக்கு நான் அனுப்பப் போவதில்லை. இதற்கு வாசகர் ஒருவர்தான். மடத்துக்குப் போகவில்லை, தகப்பனோடு ஊரில்தான் இருக்கிறீர்கள் என்று கேள்வி. கேள்விதான். கல்யாணம் ஆகியிருந்தால் இதை வெறும் கதையாக வாசித்துக்கொள்ளுங்கள், பெயர்கள் எல்லாம் கற்பனை.

ஆகவில்லை என்றால், கதையை நீங்கள் கேட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.

“உங்களுக்கும் தெரியும்தானே?”

“தெரியும். மணி அடிச்சப்பவே தெரியும். தெரிஞ்சிதான் தின்னேன்.”

“                              ”

அடுத்த வரி உங்களுடையது. எனக்குக் கோபமான வரியும் சம்மதம்தான், நான் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டேன். விலாசம் எழுதிய கார்டு ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். வரலாம் என்று எழுதுவதாக இருந்தால் நாளையும் குறிப்பிடுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை, ரசம் போதும்.