தலைகீழாக வந்த அப்பா

கணினித் திரையில் ஒரு கறுப்புச் சட்டம் திறந்தது. அதன் நடுவில் ஒரு வரி வந்து நின்றது: இந்த வகைக் கோப்பை இயக்க முடியாது.

யுன் பியோங்சிக் அதை மூடினார். மறுபடி திறந்தார். அதே வரி. எழுந்து ஜன்னல் வரை போய், வாசலில் இன்னும் யாருடைய வண்டியும் வரவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நின்றபடியே மறுபடியும் தட்டினார். தன் வீட்டில் தான் வாங்கி வைத்த இயந்திரம், தன் தகப்பனாரைத் தனக்கே காட்ட மறுக்கிறது என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் குலத்துப் பெரியவர்கள் வருகிறார்கள். முன்னோர் படையலின் முறைகளையெல்லாம் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் இலந்தைப் பழத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். படையல் மேசைக்கு எதிரே நின்று பார்த்தால் பழ வரிசையின் இடக்கோடியில் இலந்தை வரவேண்டும் என்பது மூத்த வீட்டு வழக்கம். மூத்த வீடு என்பது பியோங்சிக்கின் வீடு. தலைமுறை தலைமுறையாகக் குலத்துக்குப் படைப்பது அந்த வீட்டுத் தலைமகன்தான். சிவப்புப் பழம் கிழக்கே, அதாவது வலக்கோடியில் இருக்கவேண்டும் என்றார் சாங்ஹோ. அவர் பியோங்சிக்கின் சித்தப்பா மகன், பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போன கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சாங்ஹோ நிதானமாகச் சொன்னார்: "பெரியப்பா இருந்த வரைக்கும் வலப்பக்கம்தான் இருந்துச்சு, அண்ணே. அதுக்கப்புறம் நீங்கதான் மாத்திட்டீங்க."

மாற்றிவிட்டார். மூத்த வீட்டுத் தலைமகன், தகப்பன் வைத்ததைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார். இதைவிடப் பெரிய சொல் அந்தக் குலத்தில் கிடையாது. பியோங்சிக் எழுந்து நின்று, அப்பா கடைசியாக வைத்த படையல் படமாகவே தன்னிடம் இருக்கிறது, வீட்டுக்கு வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

படம் இருந்தது உண்மைதான். காலமான அவருடைய தம்பி, அப்போது புதிதாக வாங்கியிருந்த கேமராவில் எடுத்து ஒரு வட்டத்தகட்டில் போட்டுக் கொடுத்தார். அது முன்னோர் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் பட்டுத்துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. போன அறுவடைப் பண்டிகைக்கு வந்த மகன் கியூஹோ அதைக் கணினிக்குள் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். இத்தனை வருஷத்தில் யாரும் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. மரியாதையாக வைத்திருக்கும் பொருளை எடுத்து ஓட்டிப் பார்ப்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றுகிற காரியமல்ல.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓக்சுன் கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். மாவில் தோய்த்த மீன் பொரியும் வாசனை அவளோடு வந்தது.

"ஊரையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, பானையில அரிசி இருக்கான்னு இப்பத்தான் பாக்குறீங்க."

"மீனு தீயப்போகுது. போய்ப் பாரு."

அவள் போனதும் அவர் இணையத்தில் தேடினார். கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் போதும் என்று எவனோ எழுதியிருந்தான். வெறும் பெயரை மாற்றிக்கொண்டு குலப்பட்டியலில் நுழையப் பார்க்கிறவர்களை அவர் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறார். இருந்தும் மாற்றிப் பார்த்தார். இயந்திரம் ஏமாறவில்லை. மனதுக்குள் அதை மெச்சிக்கொண்டார். எரிச்சல் மட்டும் குறையவில்லை.

வேறு வழியில்லாமல் உல்சானில் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்க்கும் கியூஹோவைத் தொலைபேசியில் அழைத்தார். பின்னால் இரும்பு அடிபடும் சத்தத்துக்கு நடுவே அவன் கத்திப் பேசினான். படம் பெரிதாக இருப்பதால் அதை மடித்துத்தான் கோப்பில் வைப்பார்களாம். மடித்த முறை தெரிந்தால்தான் பிரிக்க முடியுமாம். அந்தப் பிரிக்கும் வித்தைக்குக் கோடெக் என்று பேராம். தம்பியின் கேமரா மடித்த விதத்தை இப்போதைய கணினிகள் மறந்தே போய்விட்டனவாம்.

"நம்ம வீட்டுல யாரும் எதையும் மறக்கலடா," என்றார் பியோங்சிக்.

"கணினி நம்ம வீட்டுப் பிள்ளை இல்லப்பா. நான் சொல்ற கோடெக் கட்டை இறக்குங்க."

கோடெக் கட்டு ஒன்று இறங்கியது. அதோடு ஒட்டிக்கொண்டு கேட்காத ஏதேதோ வந்தது. திரையின் மூலையில் ஒரு பெண் தோன்றி, கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டி வாங்கச் சொல்லிச் சிரித்தாள். அவளை விரட்டவே அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு கோப்பைத் தட்டினார்.

சட்டம் கறுப்பாகவே இருந்தது. ஆனால் சத்தம் வந்தது. பித்தளைக் கிண்ணங்கள் இடிபடும் ஒலி. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அப்பாவின் செருமல். பியோங்சிக் தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பின்னே தம்பியின் குரல், கேமராவுக்கு மிக அருகில்: "அப்பா, இலந்தை இந்தப் பக்கமா?"

அப்பாவின் குரல் சிரிப்போடு வந்தது. "எந்தப் பக்கமா இருந்தா என்னடா? உங்க தாத்தாவுக்கு இலந்தையைத் தேடி எடுத்துக்கத் தெரியாதா? வை, வை. சூப்பு ஆறுது."

பியோங்சிக் கையைச் சுட்டியின் மேலிருந்து எடுத்துக்கொண்டார். மேசைத்துணியில் ஒரு சுருக்கம் இருந்ததற்காக மருமகளைத் திருப்பியனுப்பி மறுபடி தேய்க்கவைத்த மனிதர் அப்பா. கடைசி வருஷத்தில் எப்போது இப்படிப் பேசக் கற்றார்?

கதவருகில் ஓக்சுன் நின்றிருந்தாள். "மாமா சிரிச்சு நான் கேட்டதே இல்ல," என்றாள்.

பியோங்சிக் குனிந்து ஒலிபெருக்கியின் ஒயரை உருவித் தரையில் போட்டார். கேள்வி பக்கத்தைப் பற்றியதுதான். பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் போதும். அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுபடி ஜன்னலுக்குப் போனார். வாசல் காலியாக இருந்தது. திரும்பி வந்தார்.

கியூஹோ அடுத்ததாகச் சொன்னது வேறொரு ஓட்டும் செயலி. பழையதைக்கூடத் தின்று செரித்துவிடும் என்றான். அது இறங்குவதற்குள் அவர் அறையை எத்தனை தரம் சுற்றினாரோ தெரியாது. தட்டினார். படம் வந்தது. கண்கூசும் பச்சையாக ஒரு நொடி, பிறகு நிறம் தெளிந்தது. மேலே தரை இருந்தது, கீழே கூரை. நடுவில் வெள்ளை அங்கியணிந்த ஆட்கள் தலைகீழாக நின்றார்கள்.

"சில பழைய கேமரா படத்தைக் கீழேருந்து மேல எழுதும்பா," என்றான் மகன். "மேல் வரி கீழ போயிடும். அதுக்கு ஒரு இடம் இருக்கு, மாத்திக்கலாம். இருங்க, மேஸ்திரி கூப்பிடறாரு, அப்புறம் பேசறேன்."

தொடர்பு அறுந்தது. வாசலில் வண்டிக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

முதலில் மான்சு சித்தப்பா உள்ளே வந்தார். குலத்திலேயே வயதில் மூத்தவர், அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. கண் ஏறக்குறையப் போய்விட்டது. இருவர் கைத்தாங்கலாகப் பிடித்து வெதுவெதுப்பான தரையில் மெத்தை போட்டு உட்காரவைத்தார்கள். பின்னாலேயே மற்றவர்கள் வந்து சுவரோரம் அமர்ந்தார்கள். கடைசியாகச் சாங்ஹோ, அச்சுக்குப் போகவேண்டிய தாள்களைக் கையில் பிடித்தபடி வந்து, முறையாகக் குனிந்து வணங்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"என்ன அண்ணே, பெரியப்பா உத்தரத்துல தொங்குறாரு?"

சுவரோரம் சிலர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள். பியோங்சிக்கின் காது சிவந்தது. மகனைக் கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை.

பெரியவர்களை இப்படிப் பார்ப்பது மரியாதையில்லை, திரையையே கவிழ்த்து வைத்துவிடலாமே என்று சாங்ஹோ சொன்னார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மெல்லிய திரை, தண்டைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகச் சுவரில் சாய்த்தார்கள். வழுக்காமல் முட்டுக்கொடுக்க ஒருவர் அலமாரியிலிருந்த குலவரலாற்றுத் தொகுதிகளை எடுக்கப் போனார். பியோங்சிக் பார்த்த பார்வையில் அவர் கை அப்படியே நின்றது. ஓக்சுன் காய் நறுக்கும் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது படத்தில் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அதே கூடம், எழுத்துகள் தீட்டிய அதே மடிப்புத் தட்டி, அதன் முன்னே படையல் மேசை. கேமரா படைப்பவருக்குப் பின்னாலிருந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் பழ வரிசைக்குத்தான் போயிற்று. சிவந்த சின்னக் குவியல் ஒன்று, சந்தேகத்துக்கே இடமில்லாமல், வலக்கோடியில் இருந்தது.

 சாங்ஹோ வெற்றிக் களிப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பியோங்சிக்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"விடுங்க அண்ணே," என்றார் சாங்ஹோ தணிவாக. "வயசானா யாருக்கும் மறதி வர்றதுதான்."

பியோங்சிக் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தான் பிழையாக வைத்திருந்தால், இத்தனை வருஷமும் அப்பாவுக்கே பிழையாகப் படைத்திருக்கிறார்.  படத்தில் அப்பா வணங்கி எழுந்தார்; பின்வாங்கி, கேமராவின் பக்கம் திரும்பினார். நெஞ்சில் அங்கியின் முடிச்சு.

பியோங்சிக் படத்தை அங்கேயே நிறுத்தினார்.

"சாங்ஹோ. எங்கப்பாவோட முடிச்சு எந்தப் பக்கம் இருக்கு?"

சாங்ஹோ முன்னால் குனிந்து பார்த்தார். "அவருக்கு இடப்பக்கம்."

"இடப்பக்கமா மூடி யாருக்கு உடுத்துவோம்?"

 அங்கே இருந்த ஒவ்வொருவரும் தன் தகப்பனின் உடலுக்குக் கடைசி உடுப்பு உடுத்தியவர்கள்தான். உயிரோடிருப்பவன் அங்கியை வலப்பக்கம் மூடி முடிச்சிடுவான். செத்தவனுக்குத்தான் அது மாறும்.

"பெரியப்பா அன்னிக்கு அவசரத்துல..." என்று தொடங்கினார் சாங்ஹோ.

"அவர் பக்கத்துல நிக்கிறது யாரு?"

தலை நரைக்காத சாங்ஹோ அங்கே கைகட்டி நின்றிருந்தார். அவருடைய முடிச்சும் இடப்பக்கம்.

"நீ எப்ப செத்தே?" என்று கேட்டார் பியோங்சிக்.

மான்சு சித்தப்பாதான் முதலில் சிரித்தார். மற்றவர்கள் திரையை நோக்கி நகர்ந்து வந்தார்கள். வந்தது சுழற்றிவைத்த படம் அல்ல, தண்ணீரில் தெரிகிற நிழல்போல மேல்கீழ் மட்டும் புரண்ட படம்; திரையைச் சுழற்றியதில் தலை நேரானது, ஆனால் வலமும் இடமும் மாறிவிட்டன என்று பியோங்சிக் உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். பாதிப் பேருக்கு விளங்கியது. மீதிப் பேருக்காக ஓக்சுனின் சீதனக் கண்ணாடியை உள்ளறையிலிருந்து தூக்கிவந்து, திரைக்கு எதிரே பிடித்தார். தட்டியின் எழுத்துகள் கண்ணாடிக்குள் படிக்கும்படி நின்றன. முடிச்சுகள் அவரவர் வலப்பக்கம் போயின. இலந்தை இடக்கோடிக்கு வந்தது.

சாங்ஹோ நெடுநேரம் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை தாழ்த்தினார்.

"நான் சொன்னது தப்பு, அண்ணே. நீங்க எதையும் மாத்தல. இடப்பக்கம்னே எழுதிடறேன்."

காலையிலிருந்து பியோங்சிக் காத்திருந்த சொல் அது. வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கி வைத்தார்.

"எனக்குக் கண்ணாடியும் தெரியல, பெட்டியும் தெரியல," என்றார் மான்சு சித்தப்பா மெத்தையிலிருந்து. "அண்ணன் குரலையாவது கேக்குறேன். சத்தத்தை வைடா."

ஒயர் தரையில் கிடந்தது. ஓக்சுன் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை என்று சொல்லிவிடலாம். இந்த இயந்திரம் காலையிலிருந்து படுத்திய பாட்டுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அப்பாவைச் சாட்சிக்கு அழைத்து வந்தவர் அவர்தான். அழைத்து வந்து வாயைக் கட்டுவது மூத்த வீட்டுக்கு அழகல்ல.

பியோங்சிக் முழங்காலிட்டு ஒயரைச் சொருகினார். படத்தை முதலிலிருந்து ஓட்டினார்.

கிண்ணங்கள் இடிபட்டன. அப்பா செருமினார். தம்பி கேட்டார். எந்தப் பக்கமா இருந்தா என்னடா என்று அப்பா சிரித்தார்.

"அண்ணனேதான்," என்று மான்சு சித்தப்பா தொடையில் தட்டினார். தெரியாத கண்களிலிருந்து நீர் வழிந்தது. சுவரோரம் இருந்தவர்கள் பியோங்சிக்கின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். சாங்ஹோவின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"இப்ப நான் என்ன எழுதட்டும், அண்ணே?"

"இடப்பக்கம்னு எழுது. அப்படித்தான் வச்சார், கண்ணால பாத்தே." பியோங்சிக் தாளை விரலால் காட்டினார். "அதுக்குக் கீழ, அவர் சொன்னதையும் எழுது."

"அச்சுலயா?"

"அச்சுலதான்."

"சூப்பு ஆறுதுங்கறதையுமா?"

"அதையும்தான்."

சாங்ஹோ தாளை மடிமேல் வைத்து எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடித்து, படித்துக் காட்டும்வரை பியோங்சிக் உட்காரவில்லை.