வென்டெலுக்கு ஒரு ரீல்

மிர்னா கோஸ்கியின் இரைக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, லோர்னா ட்வைட் ஐந்து நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. நார்ஹைம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு எத்தனை தட்டு சேமியாவும் சூரை மீனும் வேக வைக்க வேண்டும் என்று கண்ணாலேயே அளந்துவிடுகிறவள் அவள். ஆனால் தூண்டில் நரம்பைச் சுற்றும் ஒரு ரீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. நாற்பது வருஷம் மீன்பிடிக்கிறவனோடு குடித்தனம் நடத்தியும் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் உறைந்த ஏரியில் போட்ட துளைக்கு மேல் குனிந்திருக்கும் அவன் முதுகைத்தான்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹார்லன் என்று ஒருவர் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வரப் போகிறார், அந்த ஏரியின் மேல் நிற்கும் அவள் கணவன் ஓரினுடைய மீன்பிடிக் குடிலை விலை பேச. ஆகஸ்டு மாதம் ஓரினுக்குப் பக்கவாதம் வந்தது. வாய் பெரும்பாலும் நேரானது. கால் திரும்பி வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. அக்டோபரில் தன் தூண்டில்களையெல்லாம் தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனைக்குக் கொடுத்துவிட்டான். டிசம்பரில், வருஷா வருஷம் செய்வதுபோல, சபை ஆட்கள் யாரும் கேட்காமலே வந்து குடிலை இழுத்துக்கொண்டு போய் அவனுடைய வழக்கமான இடத்தில் நிறுத்தினார்கள். ஓரின் ஒருநாள்கூட அங்கே போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் அதையும் விற்றுவிடுவதாகச் சொன்னான். குடில் போய்விட்டால் அந்த நாற்காலியிலிருந்து அவன் எழுந்திருக்கவே மாட்டான் என்று லோர்னாவுக்குப் பட்டது. குடிலின் சுவரில் ரீல் இல்லாத குட்டைத் தூண்டில்கோல் ஒன்று இன்னும் தொங்குகிறது. அதற்கு ஒரு ரீல் பூட்டிவிட்டால், ஒரே ஒரு தடவை அவன் உட்கார்ந்து பார்த்தால் போதும். அவளுடைய திட்டம் அவ்வளவுதான்.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீர்தான் சரியானதைக் காட்டணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கடைக்குள் பொடிமீன் தொட்டிகள் குமிழிவிட்டுக்கொண்டிருந்தன. கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் டெல்மர் காபியோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகும், தள்ளாமல் இருக்க முடியாமல், ஏரியின் மேல் சும்மா தள்ளிக்கொண்டிருப்பவர். கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ரீல்கள். எல்லாம் கைமுஷ்டி அளவு, எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் வேறு வேறு எண்.

ரீல் வேண்டும் என்றாள் லோர்னா. யாருக்கு என்று மிர்னா கேட்டாள்.

ஓரின் தன் கையைப் பற்றி வீட்டிலேயே பேசவிடமாட்டான். ஊரில் பேச்சானது தெரிந்தால் அவ்வளவுதான். லோர்னாவின் நாக்கில் முதலில் வந்த பெயர் வந்தது.

"வென்டெலுக்கு. டுலூத்ல இருக்காரே, என் தங்கச்சி வீட்டுக்காரர்."

மிர்னாவும் டெல்மரும் ஒரே நேரத்தில் பொடிமீன் தொட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. சொன்னதைச் சொன்ன இடத்தில் விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள்.

"வென்டெல். நல்ல மனுஷன். பனியில இறங்குறாரா இப்போ?" என்றார் டெல்மர்.

"புதுசா ஆசை வந்திருக்கு."

"வரும், வரும்."

மிர்னா ஒரு ரீலைக் கையில் எடுத்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கையில பலம் எப்படி அவருக்கு?" என்று கேட்டாள்.

லோர்னா அவசரப்பட்டாள். "நல்ல பலம். ரெண்டு கையும் நல்லா இருக்கு. பியானோ சரிபண்றவராச்சே" என்றாள்.

மிர்னா அந்த ரீலை மறுபடி சுவரில் மாட்டினாள்.

அதன் பிறகு நடந்தது லோர்னாவுக்குப் பாதிதான் விளங்கியது. பெரிய உருளையாக வாங்கு என்றார் டெல்மர். சின்னதில் சுற்றிய நரம்பு குளிரில் வில் மாதிரி சுருண்டு நிற்குமாம், தூண்டில் முள் தண்ணீருக்குள் இறங்கவே இறங்காதாம். குட்டைக் கோலில் பெரிய ரீலை மாட்டினால் வாத்து கழுத்தில் பூசணியைக் கட்டின மாதிரி இருக்கும் என்றாள் மிர்னா. உள்ளே பேரிங் எத்தனை என்று லோர்னா கேட்டாள், அட்டையில் அந்தச் சொல்லைப் பார்த்திருந்ததால். பேரிங்கை எண்ணாதே, கிரீஸைப் பார் என்றார் டெல்மர். கிரீஸைப் பார்க்க முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது என்று இருவரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அன்று அந்தக் கடையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

கடைசியில் மிர்னா அவளைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வெளிப்படியில், ஒவ்வொரு வகையிலும் ஒரு ரீல், ரொட்டித் தட்டு ஒன்றில் வரிசையாகக் குளிரில் கிடந்தன. கதகதப்பில் எல்லா ரீலும் நல்லபிள்ளைதான், குளிரில் சுற்றிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்பது மிர்னாவின் கொள்கை. லோர்னா கையுறையைக் கழற்றினாள். முதலாவது, உறைந்த தேனைக் கிண்டுவதுபோல் சுற்றியது. இரண்டாவது இலேசாகச் சுற்றியது, ஆனால் ஆடியது. மூன்றாவது சத்தமே இல்லாமல், சொன்னபடி சுற்றியது.

ஆனால் ஓரின் எந்தக் கையால் பிடிப்பான்? எந்தக் கையால் சுற்றுவான்? வெறுங்கையைக் காற்றில் நீட்டி, கோல் பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தாள். கையை மாற்றிப் பார்த்தாள். முதுகுப் பக்கமிருந்தே பார்த்துப் பழகியதில் வலது எது, இடது எது என்று எல்லாம் குழம்பியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டெல்மர் மிகுந்த கவனத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதையே வாங்கிக்கொண்டாள். அதற்கு உருளை நிறைய நரம்பும் சுற்றிக் கொடுத்தாள் மிர்னா. வீட்டுக்குப் போகும் வழியில்தான் லோர்னாவுக்கு நினைவு வந்தது: ஆறு வருஷத்துக்கு முன் வென்டெல் இதே கடைக்கு வந்திருந்தான். ஏரியின் மேல் நடக்க வா என்று டெல்மர் கூப்பிட்டதற்கு, பயந்துபோய்க் கரையிலேயே கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். மிர்னாவும் டெல்மரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

வண்டிக் கொட்டகையில் ரீலை எடுத்து ஒரு துடைப்பக் கட்டையில் வைத்துப் பார்த்தாள். கட்டையை வலது கையில் பிடித்தால் கைப்பிடி இடது பக்கம் வந்தது. அப்படியானால் சுற்ற வேண்டியது இடது கை. சுவரில் இருந்த ரீல்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் கைப்பிடி இடது பக்கம்தான். ஆக, அந்தக் கடையில், ஒருவேளை உலகத்திலேயே, ஓரினுக்கு ஒரு ரீல் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆண்டவர் ஏதோ காட்டியிருக்கிறார், தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று தோன்றியது. என்ன காட்டினார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரீலைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அதே தொட்டி, அதே வாளி, அதே டெல்மர். பெட்டியைக் கல்லாமேல் வைத்தாள்.

"இது ஒத்துவராது. வென்டெலுக்கு..." என்று ஆரம்பித்தவளுக்கு அந்தப் பெயருக்கு மேல் பொய் ஓடவில்லை. "அவருக்கு இடது கை கொஞ்சம் சரியில்ல."

டெல்மர் எழுந்து வந்தார். ரீலின் வலது பக்கம் இருந்த சின்ன மூடியைத் திருகிக் கழற்றினார். இடது பக்கத்துக் கைப்பிடியைத் திருகி உருவினார். அதை வலது பக்கம் செருகித் திருகினார். மூடியை இடது பக்கம் போட்டார். காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

லோர்னா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"நேத்தே ஏன் சொல்லல நீங்க?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மிர்னாதான் பதில் சொன்னாள். "ரெண்டு கையும் நல்லா இருக்குன்னு நீ சொன்னே. அதுக்கு மேல நாங்க என்னத்தைச் சொல்றது? ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல, போ."

மரியாதை நல்லதுதான். ஆனால் மூன்று நல்ல மனிதர்கள் ஒரு சின்னக் கைப்பிடியைச் சுற்றி ஒரு நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும்படியும் அது செய்துவிடும். அன்று அதை முதலில் மீறியது லோர்னாவின் அரைகுறை உண்மை. அதற்கே மற்ற இருவரும் நன்றியோடு இருந்தார்கள்.

மிர்னா, கோலைச் செருகி வைக்க வாளி விளிம்பில் மாட்டும் பிடி ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள். லோர்னா வேண்டாம் என்றாள். மிர்னா பரவாயில்லை என்றாள். லோர்னா இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றாள், மூன்றாம் தடவையும் சொன்னாள், அதற்குப் பிறகு வாங்கிக்கொண்டாள். அவள் கதவைத் திறக்கும்போது டெல்மர் தொட்டியைப் பார்த்தபடி சொன்னார்:

"வென்டெல்கிட்ட சொல்லும்மா. குடில் வாசல் வரைக்கும் பனியைத் தள்ளி வழி போட்டிருக்கேன், உள்ள துளையும் போட்டு வெச்சிருக்கேன். டுலூத்ல இருந்து வர்றவருக்கு நடக்கச் சிரமம் இருக்காது."

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் லோர்னா ஓரினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனாள். வருகிறவர் பார்ப்பதற்கு முன் தன் சாமான்களை எடுக்க வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். கரையிலிருந்து குடில் வரை வழி மேஜைவிரிப்பு விரித்த மாதிரி சுத்தமாக இருந்தது. ஓரின் அதன் மேல் மெல்ல நடந்தான்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விடிகாலையில் ஒருமுறை வந்து, துளையில் புதிதாகக் கட்டியிருந்த பனியை உடைத்து, எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். துளையோரம் வாளி, வாளியில் பிடி, பிடியில் கோல், கோலில் ரீல்.

"என்ன இது?"

"ரீல்."

"அது தெரியுது. கைப்பிடி ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"டெல்மர் மாத்திக் குடுத்தாரு."

"டெல்மர்கிட்ட என்னைப் பத்திப் பேசினியா?"

"இல்ல. வென்டெலுக்குன்னுதான் சொன்னேன்."

ஓரின் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது, வாயின் நேரான பாதியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, அழுகையா என்று லோர்னாவுக்கு விளங்கவில்லை. அவனைப் பிடிக்கக் கையை நீட்டினாள். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் சிரிப்பது இப்படி மாறியிருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"வென்டெலா," என்றான். "கடையில யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"நல்ல மனுஷன்னு சொன்னாங்க."

அவன் மறுபடி குலுங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். வலது கையால் ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து முள்ளைத் துளைக்குள் விட்டான். நரம்பு இறங்கியது, நின்றது. வளையத்தை மூடினான். சுற்றப் போனான்.

கைப்பிடி அசையவில்லை. அவன் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கிறான் என்பது இரண்டு பேருக்கும் உடனே தெரியவில்லை. ஐம்பது வருஷம் கோலைப் பிடித்து மட்டுமே பழகிய நல்ல கை அது. சுற்றுகிற வேலை அதற்குப் புதிது. முன்பக்கம் நாலு சுற்று சுற்றியது, மறந்தது, மறுபடி பின்பக்கம் தள்ளியது.

"ஊமையன் மாதிரி நிக்குது பாரு, நல்ல கையின்னு பேரு," என்று தன் வலது கையைத் திட்டினான்.

லோர்னாவுக்கு எழுந்து உதவலாமா, பேசாமல் இருக்கலாமா என்று தெரியவில்லை. அடுப்பில் காபியை வைத்தாள். அதுவாவது தெரிந்த வேலை. அவன் இறக்கினான், ஏற்றினான், இறக்கினான். சாமான் எடுக்க வந்தவன் எதையும் எடுக்கவில்லை. பத்தாவது தடவையோ என்னவோ, முள் நின்று நிதானமாக மேலே வந்தது.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உயரமான, சங்கோஜமான ஒரு மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஹார்லன்" என்றார்.

"உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க, சூடு போகுது," என்றான் ஓரின், துளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இருங்க. கைவேலையா இருக்கேன்."

ஹார்லன் இருந்தார். லோர்னா காபி கொடுத்தாள். அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நல்ல குடில் என்றார். ஆமாம், நல்ல குடில்தான் என்றான் ஓரின். முள்ளை இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தான். இது விற்பனையா, விருந்தா என்று லோர்னாவுக்குப் பிடிபடவில்லை. இரண்டு மணி நேரம் ஓட்டி வந்த மனிதரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

கடைசியில் ஓரின் தொண்டையைச் செருமினான். "விக்கிறதுன்னுதான் சொன்னேன். அவ்வளவு தூரம் வர வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. பனி உருகுற வரைக்கும் இது இங்கயே நிக்கட்டும்னு தோணுது."

ஹார்லன் அவனுடைய கையைப் பார்த்தார், ரீலைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார். "காபி நல்லா இருந்துச்சு." தொப்பியை மாட்டிக்கொண்டு, குளிர் உள்ளே வராதபடி கதவைப் பாதியே திறந்து வெளியேறினார்.

ஓரின் முள்ளை மறுபடி இறக்கினான். சற்று நேரம் கழித்து, தன் மடியில் கிடந்த இடது கையை முகவாயால் சுட்டிக் காட்டினான்.

"அந்தக் கையை எடுத்துக் கோல் மேல வை, லோர்னா."

ஐந்து மாதத்தில் அவன் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. அவள் கையுறையைக் கழற்றி, அந்தக் கையை இரண்டு கையாலும் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகக் கோலின் மேல் மடித்து வைத்தாள். விழுந்துவிடாதபடி தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

கோலின் நுனி மெல்ல நடுங்கியது.

"மீனா?" என்று கேட்டாள்.

"தெரியல. என் கையாவும் இருக்கலாம்," என்றான் அவன். "விடாத. பாப்போம்."